சேற்றுக்குள் நாற்பது

ஜேசிபியின் இரும்புக் கை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தரை என்றால் ஏரியின் தரை. பெங்களூர் ஓரத்துப் பொம்மசந்திராவில் தொழிற்சாலைகளுக்கு முதுகுப்புறமாக ஒரு ஏரி இருக்கிறது என்பதே அங்கே தினம் வேலைக்குப் போய்வருகிற பாதிப் பேருக்குத் தெரியாது. தூர் வாருவதற்காகத் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். மேல்சேறு வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை.

"சொல்லுங்க மேடம். ஆமை இருக்கா, இல்லையா?" என்றார் இன்ஜினீயர் மஞ்சுநாத்.

"இருக்கு சார்."

"எங்க?"

"தெரியாது."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்கல, எங்கன்னு தெரியல. ஆனா இருக்கு. ஹௌதா, அப்பிடித்தானே?"

நியாயமான கேள்விதான். நான் 'இல்லை' என்று சொன்னால் அந்தக் கை இறங்கும். கீழே ஆமை இருந்தால் நசுங்கும், அல்லது சேற்றோடு சேர்ந்து லாரியில் ஏறி எங்கேயாவது குழியில் கொட்டப்படும். 'இருக்கிறது' என்று சொல்லி ஒன்றும் இல்லையென்றால், மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை என்னால் நின்றுபோனதாக ஊரே பேசும். என் கையில் இருந்தது ஒரே ஒரு எண். நாற்பது.

இந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பூச்சி பிடிக்கிற வேலை

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் பார்ப்பது டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துக் கொடுப்பது. கம்ப்யூட்டர்காரர்கள் அந்தத் தப்புகளைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். அடுகோடியில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால் என் கணவர் ஜோசப், "குத்தம் கண்டுபுடிக்கறதுக்கு சம்பளம் குடுக்கறாங்க. வீட்டுல ஓசியில பண்றா" என்பார். அவரைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன், இந்த வாரம் விட்டுவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மேனேஜர் தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி கேட்பார். "இன்னும் எத்தனை பாக்கி?" எனக்கு எரிச்சலாக வரும். கண்டுபிடித்ததைக் கேட்டால் சொல்லலாம். கண்டுபிடிக்காதது எத்தனை என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

தெரியும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஒரே புரோகிராமை நானும் வித்யா என்ற தோழியும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் சோதித்தோம். எனக்கு இருபது பூச்சி கிடைத்தது. அவளுக்கும் இருபது. ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து மட்டும் இரண்டு பேர் கையிலும் அகப்பட்டிருந்தது. வித்யாவுடைய இருபதில் கால்வாசிதான் என் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படியானால் மொத்தத்திலும் கால்வாசியைத்தான் நான் பிடிக்கிறேன். என் இருபது கால்வாசி என்றால் மொத்தம் எண்பது. நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தது முப்பத்தைந்து. மீதி நாற்பத்தைந்து இன்னும் உள்ளே இருக்கிறது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை கணக்கு என்றால் இருப்பதை எண்ணுவது என்றே நினைத்திருந்தேன். கண்ணில் படாததையும் எண்ணலாம், அதுவும் கண்ணில் பட்டவை ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு விழுகின்றன என்பதை வைத்தே எண்ணலாம் என்றதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. கேன்டீனில் போய்ச் சொன்னால் யாருக்கும் புல்லரிக்கவில்லை. அன்று பூரி போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை டீ-ஷர்ட்

எங்கள் கம்பெனியில் சில சனிக்கிழமைகளில் சமூக சேவை உண்டு. ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் மாட்டிவிட்டு, பஸ்ஸில் ஏற்றி, எங்காவது இறக்கி, ஆளுக்கு ஒரு செடி நடச் சொல்வார்கள். போட்டோ எடுத்தபின் பஸ் திரும்பிவிடும். அந்தச் செடிகளின் கதி என்னவென்று போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், உங்களுக்கு எதையும் பாராட்டவே வராதா என்று கேட்டிருக்கிறார். வரும். இந்த வாரம் முழுக்க அதுதான்.

பொம்மசந்திரா ஏரிக்கரையில் இறக்கிவிட்ட சனிக்கிழமை அது. செடி நட எனக்கு முட்டி இடம் கொடுக்கவில்லை. சும்மா கரையில் நடந்தபோது ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வளையம் வளையமாக வலை கட்டிய ஒரு கூண்டோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் கருவாடு. என்ன பிடிக்கிறாய் என்று கேட்டேன்.

"ஆமைக்கா. ஏரிய வத்த வைக்கப்போறாங்க. அதுக்குள்ள எல்லாத்தயும் புடிச்சு வேற ஏரில விடணும். எத்தன இருக்குன்னே தெரியல."

"எத்தனைன்னு எதுக்கு?"

"எப்ப புடிச்சு முடிச்சோம்னு தெரியணும்ல? வலையில வரலன்னா முடிஞ்சுச்சுன்னு அர்த்தமா?"

அவள் பெயர் கலைவாணி. ஆரணிப் பக்கத்துப் பெண். வனவிலங்கு ஆராய்ச்சிப் படிப்பு. வனத்துறை அனுமதியோடு தனி ஆளாக இரண்டு கூலியாட்களை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள் இருப்பாள். 'முடிந்துவிட்டது' என்ற சொல்லை நம்பாத இன்னொரு ஜீவனை அன்றுதான் பார்த்தேன்.

எப்படி எண்ணப்போகிறாய் என்றேன். கொஞ்சத்தைப் பிடித்து அடையாளம் போட்டுத் திரும்ப விடுவது, கலந்து போக விடுவது, மறுபடி பிடித்து அதில் எத்தனைக்கு அடையாளம் இருக்கிறது என்று பார்ப்பது என்றாள். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. என் பூச்சிக் கணக்கேதான். பிறகு தெரிந்துகொண்டேன், இது பிறந்ததே மீனையும் பறவையையும் எண்ணுவதற்காக. நாங்கள்தான் கடன் வாங்கியிருக்கிறோம்.

சிவப்பு, நீலம்

அடையாளம் போடுவது நெயில் பாலிஷால். அந்த ஏரியில் இருந்தவை கடினமான கருத்த ஓடு உள்ளவை, ஓட்டின் முதுகில் மூன்று வரி மேடு தட்டியிருக்கும். ஓட்டைத் துடைத்து ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டால் சில மாதம் தாங்கும். எங்கள் ஆபீஸ் பெண்கள் பாதி காய்ந்த பாட்டில்களை எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். முதல் சுற்றுக்குச் சிவப்பு. இரண்டாவது சுற்றுக்கு நீலம்.

அதற்கப்புறம் எல்லாச் சனி ஞாயிறும் நான் ஏரிக்கரையில்தான். ஆமையைக் கையில் வாங்கும்போது அது முதலில் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பொட்டு காய்கிற வரைக்கும் பொறுமையாகப் பிடித்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு வெளியே வரும். பிறகு ஒரு கண். அந்தக் கண் என்னைப் பார்க்கும்போது நான் ஏதோ பரீட்சையில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும்.

ஒவ்வொன்றையும் புரட்டி அடிவயிற்றையும் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள் கலை. "எதுக்கும் இருக்கட்டும்கா" என்பாள். எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

பார்க்காத வருஷம்

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எத்தனை இருக்கிறது என்பதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு என்றாள் கலை. இந்த வருஷம் இருந்ததில் அடுத்த வருஷம் எத்தனை உயிரோடிருக்கும்?

"இதுக்கு முன்னாடி வேற ஒரு ஏரில வருஷா வருஷம் அடையாளம் போட்டேன்கா. ஒரு ஆமை மொத வருஷம் வந்துச்சு. ரெண்டாவது வருஷம் வரல. செத்துப்போச்சுன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். சொல்லக்கூடாதா?"

"மூணாவது வருஷம் வந்துச்சு."

"அதே ஆமையா?" என்றேன்.

"அப்ப ரெண்டாவது வருஷம் அது எங்க இருந்துச்சு? அங்கயேதான் இருந்துச்சு. நாமதான் பாக்கல. இப்பிடித் திரும்பி வர்றது எத்தனைன்னு பாத்தா, நம்ம கண்ணு எவ்ளோ கோட்டை விடுதுன்னு தெரியும். அந்த அளவக் கழிச்சுட்டாதான் நெசமாவே செத்தது எத்தனைன்னு கணக்கு வரும்."

திரும்பி வந்த ஒன்று, வராதவற்றுக்காகவும் சாட்சி சொல்கிறது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் மேம்பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தேன். இருபுறமும் கட்டடங்களில் ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. எரியாத ஜன்னலுக்குப் பின்னாலும் ஆள் இருக்கும் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் ஏன் மேடம் கண் கலங்குது என்றார். தூசி என்றேன். தூசி இல்லை.

மஞ்சள் கறை

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் இருநூற்றைம்பது என்று வந்தது.

கலைக்கே நம்ப முடியவில்லை. அந்தச் சாக்கடைத் தண்ணீரில் இவ்வளவா? மஞ்சுநாத் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள் நான், கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினேன். தமிழர்களோடு வேலை செய்தே பழகிய அவர் தமிழில் பதில் சொன்னார். தண்ணீரை ஒரேயடியாக வடிக்காமல் மெதுவாக வடித்துத் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

தண்ணீர் வடிய வடியப் பிடித்தோம். பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் போட்டு வேறு ஏரிக்கு அனுப்பினோம். நூற்றுப்பத்து ஆமை போயிருக்கும். அத்தோடு வலை காலியாக வர ஆரம்பித்தது. ஒரு வாரம் முழுக்கக் காலி. கருவாடு அப்படியே இருந்தது.

"ஆயித்து மேடம், முடிஞ்சுச்சு" என்றார் மஞ்சுநாத்.

"இன்னும் நூத்தி நாப்பது இருக்கு சார்" என்றேன், கொஞ்சம் திமிரோடு.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். சில ஆமைகளின் ஓட்டில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனித்தோம். பொம்மசந்திரா ஆயிற்றே, ஏதாவது தொழிற்சாலைக் கழிவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினோம். கலை அதைச் சுரண்டி ஒரு சின்ன டப்பாவில் எடுத்து, எந்த ரசாயனம் என்று சோதனைக்கு அனுப்புவது பற்றிக்கூடப் பேசினாள். எந்தக் கம்பெனி என்று நான் மனதுக்குள் சண்டையே போட ஆரம்பித்திருந்தேன்.

கடைசித் தொட்டியை வண்டியில் ஏற்றும்போது சரோஜாம்மா வந்தார். கரையோரத்து அம்மன் கோயில் வாசலில் பூ விற்பவர், என்னை ரீட்டாம்மா என்று கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

"இது என் ஆமைதான் ரீட்டாம்மா. மூக்குல வெட்டு இருக்கு பாரு. பொரி போட்டா கோயில் படிக்கட்டுக்கு வரும்."

"அப்பிடியா? இதுக்கு நாங்க சாயம் போடலையே?"

"போட்டிருந்தீங்க. செவப்பா. நான்தான் தொடைச்சிட்டேன்."

"தொடைச்சிட்டீங்களா?"

"பின்ன? பெருமாள் எடுத்த அவதாரம் கண்ணு. அதுக்குப் போயி நெயில் பாலிஷ் போடுவாங்களா? எம் மக பார்லர்ல வேலை செய்யறா, அவ வெச்சிருக்கற தண்ணிய பஞ்சுல தொட்டு நல்லா தொடைச்சு, மஞ்ச குங்குமம் வெச்சு விட்டேன். நீங்க ஏதோ தெரியாம பண்றீங்கன்னு வுட்டுட்டேன். சொன்னா சங்கடப்படுவீங்கல்ல."

"எத்தனைக்குத் தொடைச்சீங்க?"

"படிக்கட்டுக்கு வர்றதுக்கெல்லாம்தான்."

கலை என்னைப் பார்த்தாள். நான் அவள் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தேன். அதிலிருந்த பயங்கரமான ரசாயனம் மளிகைக் கடை மஞ்சள்தூள்.

சரோஜாம்மா மேல் கோபம் வரவில்லை. அவர் ஆமைக்கு மரியாதை செய்தார், எங்களுக்கும் மரியாதையாகச் சொல்லாமல் இருந்தார். ஆனால் எங்கள் கணக்கு அதோடு கவிழ்ந்தது. பொட்டு அழிந்த ஆமை மறுபடி வலையில் விழுந்தபோது அதைப் புது ஆமை என்று எண்ணியிருக்கிறோம். அடையாளம் உள்ளவை குறையக் குறைய, மொத்தம் பெரிதாகிக்கொண்டே போகும். வித்யாவும் நானும் பிடித்த ஐந்து பொதுப் பூச்சிகளில் மூன்றை யாரோ மறைத்துவிட்ட மாதிரி. இருநூற்றைம்பது என்பது வெறும் ஊதிய எண்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடிவயிறு

எங்கள் தொழிலில் ஒரு சில்லறை வேலை உண்டு. ஒரே தப்பை இரண்டு பேர் வேறு வேறு வார்த்தையில் எழுதி அனுப்பியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஒன்றை மூட வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்குப் பிடிக்கும். தூங்கி எழுந்த முகத்தையும் பவுடர் போட்ட முகத்தையும் ஒன்றென்று கண்டுபிடிக்கிற வேலை அது.

கலை எடுத்து வைத்திருந்த அடிவயிற்றுப் படங்கள் நினைவுக்கு வந்தன. ஆமையின் அடிப்பக்கம் தட்டுத் தட்டாக இருக்கும். ஓரத்து மஞ்சள் கோடு, தட்டுகள் சேருகிற இடத்தின் வளைவு, பழைய தழும்பு, இவையெல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். சரோஜாம்மா முதுகைத்தான் துடைத்தார். வயிற்றை யாரும் துடைக்கவில்லை.

ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாகப் போய்வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கலை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். படத்துக்குப் பக்கத்தில் படம். "இது அதுதான்கா." "இல்ல, இதுக்கு இடதுபக்கம் கோடு நீளம்." "அப்ப இது?" ஜோசப் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றவரை இரண்டு பேரும் சேர்ந்து முறைத்தோம்.

சாயங்காலத்துக்குள் புதுசு என்று எழுதிய பல ஆமைகள் பழசு என்று தெரிந்தன. மறுபடி கணக்குப் போட்டோம். மொத்தம் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் இறங்கியது. அனுப்பிவைத்தது நூற்றுப்பத்து. மீதி நாற்பது, கொஞ்சம் முன்னே பின்னே.

"வலையில ஒண்ணுகூட வரலையே கலை. நாப்பது எங்க போகும்?"

"தண்ணி கொறைஞ்சா சேத்துக்குள்ள இறங்கிப் படுத்துக்கும்கா. மூச்சக் கொறைச்சுக்கிட்டு, சாப்பிடாம, அப்பிடியே கெடக்கும். கருவாடு வெச்சா எப்பிடி வரும்?"

வலை காலியாக வந்த அந்த வாரம் முழுவதும் அவை எங்கள் காலடியிலேயே இருந்திருக்கின்றன.

மறுநாள் மஞ்சுநாத்திடம் போய்ச் சொன்னேன். மஞ்சள் குங்குமக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நேத்து நூத்தி நாப்பது. இன்னிக்கி நாப்பது. நாளைக்கி நாலும்பீங்களா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கடைசியில் கூலியாட்களை விட்டு ஒரு நாள் மூங்கில் கழியால் குத்திப் பார்க்கச் சொன்னார். அதற்குள் கிடைக்காவிட்டால் ஜேசிபி இறங்கும்.

மழை வாசனை

காலையிலிருந்து குத்தினோம். நாணல் பக்கம், மதகுப் பக்கம், நடுவில். கழி போய் எதிலாவது முட்டும். தோண்டினால் டயர். இன்னொரு இடத்தில் செருப்பு. ஒரு பிள்ளையார், யாரோ கரைத்துக் கரையாதவர். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு ஆமைகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய ஏரியில் நாற்பது ஆமையைக் கழியால் தேடுவது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கணக்கில் எங்கே ஓட்டை என்று மனம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுப் படங்களை அதிகமாகச் சேர்த்துவிட்டோமா? குறைவாகச் சேர்த்துவிட்டோமா? கலை என் பக்கம் திரும்பவே இல்லை.

நாலு மணிக்கு ஜேசிபி வந்தது. முதல் வரியில் சொன்னேனே, அந்த இடம் இதுதான். கை தூக்கி நின்றது. எங்கே என்று தெரியாது, பார்க்கவில்லை, ஆனால் இருக்கிறது என்று நான் சொல்லி முடித்திருந்தேன்.

"மேடம், வானத்தப் பாருங்க. மழை வந்தா மிஷின் உள்ள இறங்காது. என் நிலைமைய யோசிங்க."

"உங்க நிலைமை புரியுது சார். ஆனா நாப்பது இருக்கு. எனக்குப் பொய் சொல்ல வராது."

அவர் டிரைவரைப் பார்த்துக் கையை அசைக்கப் போனார். அசைத்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. பிறகு பெங்களூரின் கோடை மழைக்கே உரிய முறையில், முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டியது.

எல்லோரும் கரையில் இருந்த தகரக் கொட்டகைக்கு ஓடினோம். ஜேசிபி கையைத் தூக்கியபடியே நனைந்தது. வெடித்த சேற்றுப் பாளங்களின் இடுக்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. மண் வாசனை எழுந்து அந்த நாற்றத்தையே மூடிவிட்டது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளை மறுநாள் கை இறங்கத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை கொஞ்சம் தணிந்தபோது கலைதான் முதலில் பார்த்தாள். என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

ஜேசிபி நின்ற இடத்துக்குப் பக்கத்தில், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி சேறு மெல்ல உப்பியது. உப்பியது பிளந்தது. உள்ளிருந்து ஒரு கருப்பு மூக்கு. பிறகு தலை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, ஒரு ஆமை தன்னைத் தானே பூமியிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டது.

அதற்கப்பால் இன்னொன்று. நாணல் ஓரத்தில் இரண்டு. நாங்கள் காலையில் குத்திப் பார்த்து, டயர் எடுத்த குழிக்கு ஒரு முழம் தள்ளி ஒன்று. ஏரியின் தரை முழுக்க அங்கங்கே அசைந்தது. மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது.

"ஏ! ஆஃப் மாடு, ஆஃப் மாடு!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே மஞ்சுநாத் பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் இறங்கினார். அணைந்துகிடந்த இன்ஜினை எதற்கு அணைக்கச் சொல்கிறார் என்று டிரைவர் விழித்தார். சரோஜாம்மா கோயில் பக்கமிருந்து ஓடிவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். ஒன்றைத் தூக்கி முதுகைத் தன் கையால் வழித்தார். சிவப்புப் பொட்டு.

"ரீட்டாம்மா, இது உன்னுது. நான் தொடைக்காதது."

தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து எல்லோரும் பொறுக்கினோம். ஒவ்வொன்று தொட்டிக்குள் போகும்போதும் மஞ்சுநாத் கன்னடத்தில் உரக்க எண்ணினார். நான் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவை. முதுகில் பொட்டும் இல்லை, மஞ்சளும் இல்லை. எங்கள் படங்களில் ஒன்றிலும் இல்லாத வயிறுகள். எந்த மனிதன் கையும் படாமல், எங்கள் வலை எதிலும் விழாமல், இத்தனை நாளும் அந்த நாற்பது என்ற எண்ணுக்குள் மட்டும் இருந்தவை. அவற்றை முதல் முறையாகக் கையில் ஏந்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தால்தான் என்ன.

வெளிச்சம் மங்குகிற வரைக்கும் பொறுக்கினோம். "மூவத்தெரடு" என்று முப்பத்திரண்டாவதைத் தொட்டிக்குள் விட்டார் மஞ்சுநாத். அதற்குப் பிறகு சேறு அசையவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் நின்று பார்த்தோம். ஏரி மறுபடி வெறும் ஏரித்தரையாக, ஒன்றுமே இல்லாதது போல் கிடந்தது.

மஞ்சுநாத் சட்டையிலும் முகத்திலும் சேறாக என் பக்கம் வந்தார். ஏதாவது கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"இன்னும் எத்தன இருக்கு மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு ஏழெட்டு இருக்கணும் சார்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. டிரைவரிடம் போய்க் கையை நீட்டி, ஜேசிபியின் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.